வெதுவெதுப்புக்கு எத்தனை டிகிரி

எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம் "நல்லா இருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "எவ்வளவு நல்லா?" என்று கேட்பார். விளையாட்டுக்குக் கேட்கிற கேள்வி இல்லை. பதில் வருகிற வரைக்கும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

வேறு ஊராக இருந்தால் இதில் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. கோயமுத்தூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்டால் மனுசர் என்ன செய்வது? உப்பில்லாத சாம்பாரை ரெண்டாந்தரமும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, "வெகு அருமைங்க" என்று சொல்லிக் கை கழுவப் போகிற ஜனம் நாங்கள். பஸ்ஸில் ஒருத்தர் காலை மிதித்துவிட்டால் மிதிபட்டவர்தான், "பரவால்லீங்க, நான்தான் நீட்டி வெச்சுட்டேன்" என்பார். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் அக்கா ஒரு தெர்மாமீட்டரோடு குடியிருந்தார்.

காய்ச்சல் பார்க்கிறது இல்லை. சமையலுக்கு வைத்துக்கொள்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர். பேனா மாதிரி இருக்கும். மடக்கி வைத்திருக்கிற ஊசியை விரித்தால் தானாக உயிர் வரும். ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். கைப்பையைத் திறந்து இதை எடுத்து, ஊசியை விரித்து, என் காப்பிக்குள் விட்டார். என் வீட்டில், என் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, என் கண் முன்னால்.

"அறுபத்தொம்போது" என்றார்.

எனக்கு நல்ல கோபம். "ஏனுங்க்கா, காப்பி நல்லா இல்லீங்ளா?" என்று மட்டும் கேட்டேன். நல்லா இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் இது சொல்லாது, சூட்டை மட்டும்தான் சொல்லும், மற்றதைத் தானே குடித்துப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். குடித்தும் பார்த்தார். "டிக்காசன் பழசு கண்ணு" என்றார். காலையில் இறக்கின டிக்காசன்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக முகத்துக்கு நேரே சொல்வதா? அந்த வாரம் முழுக்க நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

முன்னாலெல்லாம் அவரும் எங்களைப் போலத்தான் இருந்தார். மரியாதைக்குப் பொய் சொல்வார், நாம் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். அவரை மாற்றியது மாமாதான். மாமா என்று நான் சொல்வது அக்காவின் வீட்டுக்காரரை. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் காலமெல்லாம் நின்று ஓய்வு பெற்றவர். கருப்போ சிவப்போ, குட்டையோ நெட்டையோ, எந்தப் பெண்பிள்ளை வந்து எந்தச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாலும், "உங்களுக்குன்னே நெய்ஞ்சாப்ல இருக்குதுங்க" என்று சொல்லிச் சொல்லியே குரல் பஞ்சு மாதிரி ஆகிப்போனவர். ஓய்வுக்குப் பிறகும் அந்தக் குரல் போகவில்லை. அக்கா புளித்த தோசை போட்டாலும் நல்லா இருக்குது, கருகின தோசை போட்டாலும் நல்லா இருக்குது. அக்காவும் அதை நம்பிக்கொண்டு சந்தோசமாகக் கருக்கிக்கொண்டிருந்தார்.

அந்த மாமாவுக்கு நாக்கு ஓரத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாயை அகலமாகத் திறக்க முடியாமல் போனது, அதனால் எதையும் கரண்டியில் எடுத்துச் சின்னச் சின்ன வாயாகத்தான் சாப்பிட வேண்டும். அதோடு நாக்கும் அண்ணமும் மரத்துப்போய்விட்டன. ருசி பாதிக்குப் பாதி தெரியும். சூடு சுத்தமாகத் தெரியாது. ஒரு வருசத்துக்குள் உணர்ச்சி திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம், அதுவரை எல்லாவற்றையும் வெதுவெதுப்பாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அக்கா வெதுவெதுப்பாகத்தான் கொடுத்தார். அதாவது, அவருக்கு வெதுவெதுப்பு என்று பட்டதைக் கொடுத்தார். அடுப்படியில் காலமெல்லாம் நின்ற கைக்கு எது வெதுவெதுப்பு, சொல்லுங்கள்? பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கி வைக்கிற கை அது. அந்தக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அக்கா கொள்ளு ரசத்தைக் கொடுத்தார். மாமா சாப்பிட்டார். எப்படி இருக்குதுங்க என்று அக்கா கேட்டார். நல்லா இருக்குது அம்மணி என்றார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, யார் இவ்வளவு சூடாகக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். உள்ளே ஒரு பக்கம் தோல் வெந்து உரிந்திருந்ததாம். மாமா அதை முன்னமே கண்ணாடியில் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. "நான்தானுங்க அவசரப்பட்டுப்போட்டேன். அவங்க ஆறவெச்சுத்தான் குடுத்தாங்க" என்று டாக்டரிடம் சொன்னார். அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அங்கே வைத்துத்தான் அக்கா அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டது. "வெதுவெதுப்புன்னா எத்தனை டிகிரிங்க?"

டாக்டர், கையில் ஊற்றிப் பாருங்கள், சுடாமல் இருந்தால் சரி என்றார். எங் கையை நம்ப முடியாதுங்க, எண் சொல்லுங்க என்று அக்கா விடவில்லை. நாற்பதுக்குள் இருக்கட்டும் என்று டாக்டர் கடைசியில் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் அக்கா மாமாவிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினாராம். "இனிமே எங்கிட்ட மரியாதைப் பேச்சுப் பேசப்படாதுங்க."

தெர்மாமீட்டர் தேடிய கதை தனிக்கதை. முதலில் மருந்துக்கடைக்குப் போய்க் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை வாங்கி வந்து பாலுக்குள் விட்டார். அது பீப் பீப் என்று கத்திவிட்டு எச் என்ற ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்தைக் காட்டியது. மனுசருக்கு வரக்கூடிய காய்ச்சலுக்கு மேலே போனால் அதற்குக் கணக்குத் தெரியாது. அக்கா அதை எடுத்துக்கொண்டு திரும்ப மருந்துக்கடைக்குப் போய், "சூடா இருக்குதுன்னு எனக்கே தெரியுதுங்க. எவ்வளவுன்னு கேட்டா எழுத்தைக் காட்டுது" என்று நியாயம் கேட்டார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். எங்கள் ஊர்க் கடைக்காரர், வேறென்ன செய்வார்.

அடுத்து ஆன்லைனில் துப்பாக்கி மாதிரி ஒன்று வரவழைத்தார். தொடாமலே தூரத்தில் இருந்து சுட்டால் சூட்டைச் சொல்லும். பார்க்கப் பகட்டாக இருந்தது. ஆனால் அது மேலாகத்தான் பார்க்கும். பாலில் ஏடு படிந்திருந்தால் ஏட்டின் சூட்டைச் சொல்லும், கீழே பால் கொதித்துக்கொண்டிருக்கும். பளபளக்கிற எவர்சில்வர் டம்ளரை நோக்கிச் சுட்டால் இன்னும் மோசம். காப்பி ஆவி பறக்கும்போதே முப்பது முப்பத்தைந்து என்று சொல்லும். மேலுக்கு மினுமினு என்று பேசுகிறதையெல்லாம் வீட்டில் ஒருத்தரோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லி அக்கா அதை எனக்குக் கொடுத்துவிட்டார். நான் அதை வைத்து ஏசி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாகத்தான் ஊசி வைத்தது வந்தது. வந்ததை அப்படியே நம்பிவிட முடியுமா? தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஊசி அடிப்பாத்திரத்தில் படாமல் நடுவில் பிடித்துப் பார்த்தார். கொதிக்கிற தண்ணீர் நூறு காட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். இது தொண்ணூற்றெட்டரை காட்டியது. பொய் சொல்லுது என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேறொரு கம்பெனியில் வாங்கினார். அதுவும் தொண்ணூற்றெட்டரை. அதுவும் போனது. அதற்கடுத்து வந்தது கொஞ்சம் விலை கூட. அதற்கு ஊசி தடிமனாக இருந்ததால், எண் ஓடி நிற்பதற்குள் காப்பியே ஆறிவிடும் போல இருந்தது. கடைசியில் நின்று பார்த்தால் அதுவும் தொண்ணூற்றெட்டரை. ஊரில் இருக்கிற தெர்மாமீட்டரெல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டு ஏமாற்றுகின்றன என்று அக்கா என்னிடம் வந்து சொன்னார்.

எங்கள் வீட்டுக்காரர் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பம்பு கம்பெனியில் டெஸ்டிங்கில் வேலை பார்க்கிறவர். பேப்பரை இறக்காமலே, கோயமுத்தூர் என்ன கடலோரத்திலா இருக்கிறது, மேட்டிலல்லவா இருக்கிறது, மேடு ஏற ஏறத் தண்ணீர் நூறுக்கு முன்னாலேயே கொதித்துவிடும், இங்கே தொண்ணூற்றெட்டரைதான் சரி, மோட்டாரில் தண்ணீர் இழுக்கிறதுக்கும் நாங்கள் இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் செய்கிறோம் என்றார். அக்கா அவரையே பார்த்தார். இது உங்களுக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார். முதல் தெர்மாமீட்டரைத் திருப்பி அனுப்பும்போதே தெரியுமாம். பின்னே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க அவ்வளவு உறுதியாச் சொல்லும்போது எடுத்தெறிஞ்சு பேச முடியுங்ளாக்கா" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

அக்கா என்னைப் பார்த்து, "இதுக்குத்தான் கண்ணு மெசினை வாங்கறது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசி வைத்ததில் இரண்டாவதாக வந்த மெல்லிய ஊசிக்காரனையே திரும்ப வாங்கி, ஐஸ் தண்ணீரில் விட்டுப் பூச்சியம் காட்டுகிறதா என்றும் பார்த்து, அப்புறம்தான் அடுப்படிக்குள் விட்டார். நல்ல தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டு அனுப்பிவிட்டோமே என்று அவருக்கு வருத்தம் இருந்தது. மனுசர்களுக்காக அவர் அப்படி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதைக் கையாளத் தெரிந்துகொள்வதற்குள் ஒன்றைக் குழாயடியில் கழுவிக் கொன்றார். பிறகு ஊசியை மட்டும் ஈரத்துணியால் துடைப்பதே வழக்கமாயிற்று. கஞ்சியானாலும் அரிசிம்பருப்புச் சோறானாலும் முதலில் நன்றாகக் கிளற வேண்டும், பிறகு நடுவில் குத்த வேண்டும். ஓரத்தில் குத்தினால் ஆறினதைச் சொல்லும், அடியில் குத்தினால் பாத்திரத்தின் சூட்டைச் சொல்லும். நாற்பதுக்குக் கீழே இறங்கினால்தான் மாமாவுக்கு முன்னால் வைப்பார். மாமா முதல் வாய் எடுத்து வைத்ததும் கேட்பார். "சூடு தெரியுதுங்ளா?"

"இல்ல அம்மணி."

அவ்வளவுதான். அப்புறம் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். காலையும் மத்தியானமும் ராத்திரியும் இதே கேள்வி, இதே பதில். தெரியாமல் போனதே என்று அக்கா முகம் சுண்டினதையும் நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னாரே என்று ஒரு திருப்திதான் இருக்கும்.

அவிநாசியில் என் நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போனேன். பந்தியில் மாமாவுக்குக் கிண்ணத்தில் ரசம் வாங்கிய அக்கா பையில் இருந்து ஊசியை எடுத்து விட்டார். பரிமாறின ஆள் வாளியோடு நின்றார், பார்த்தார், உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சமையல்காரரே வந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது. எந்த ஆபீஸுங்க என்று குனிந்து கேட்டார். எதிர்வீடு என்றார் அக்கா. சமையல்காரர் அதை என்னவாக எடுத்துக்கொண்டாரோ, தண்ணியெல்லாம் கேன் தண்ணி, எண்ணெய் புதுசு என்று ஒப்பித்தார். அக்கா அதற்கெல்லாம் அசையவில்லை. "ரசம் எழுபத்திரண்டு இருக்குதுங்க" என்றார். "கொறச்சுக்கறமுங்க" என்றார் சமையல்காரர். அதிலிருந்து எங்கள் பந்திக்கு வந்ததெல்லாம் ஆறிப்போய்த்தான் வந்தது. எழுந்து கை கழுவும்போது ஒருத்தர் விடாமல் சாப்பாடு அருமை என்று சொல்லிக்கொண்டார்கள்.

மாமாவுக்கு இதில் குறை ஒன்றே ஒன்றுதான். ஆவி பறக்காத காப்பியைக் குடித்தால் எழவு வீட்டில் உட்கார்ந்து குடிப்பது போல இருக்கிறது என்று என்னிடம் சொல்வார். அக்கா உழவர் சந்தைக்குப் போகிற நாளாகப் பார்த்து எங்கள் வீட்டுக்கு வருவார். சூடாக ஒரு காப்பி வேண்டும் என்பார். முதல் தடவை எனக்குப் பதறிப்போய்விட்டது. "குடிக்கறதுக்கில்ல கண்ணு. சித்த நேரம் கையில புடிச்சுக்கறதுக்கு" என்றார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டம்ளரை வைத்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசுவார். நன்றாக ஆறினதும் அங்கேயே ஒரு கரண்டி கேட்டு வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டுப் போவார். நான் அக்காவிடம் மூச்சுவிடவில்லை. ஆனால் அவர் ஒருநாள் தானாகவே கேட்டார், மாமாவுக்குக் கையில் பிடிக்கக் கொடுக்கிற காப்பி எப்படி இருக்கும் என்று. கொதிக்கக் கொதிக்க என்றேன். அப்படியென்றால் சரி என்றார்.

இப்போது அவர்கள் இங்கே இல்லை. வீட்டை விற்றுவிட்டு வெள்ளகோவிலில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்விட்டார்கள். மாமா நன்றாக இருக்கிறார். எவ்வளவு நன்றாக என்று கேட்டால், நடக்கிறார், பேப்பர் படிக்கிறார், பேரப்பிள்ளைகளின் துணிமணியைப் பார்த்து அவர்களுக்கென்றே நெய்தது போல இருக்கிறது என்கிறார். எதிர்வீட்டில் இப்போது வேறு ஒரு குடும்பம். என் காப்பியை நல்லா இருக்குது என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

அக்காவை நினைத்தால் எனக்கு ஞாபகத்துக்கு வருவது ஒரே ஒரு காலைப்பொழுதுதான்.

அதற்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். டாக்டர் சொன்ன வருசம் முடிந்திருந்தது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, புண்ணெல்லாம் அருமையாக ஆறிவிட்டது, பயமே இல்லை என்றார். சூடு தெரிகிறது எப்போது வரும் என்று அக்கா கேட்டார். பார்க்கலாமுங்க என்றார் டாக்டர். பார்க்கலாம் என்றால் வருமா வராதா என்றார் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு, "இனி வராதுங்கம்மா" என்றார். அக்கா, ரொம்ப நன்றிங்க என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் கேள்வியை நிறுத்தியிருப்பார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அதே சூடு தெரியுதுங்ளா, அதே இல்ல அம்மணி. அக்காவின் குரல் மட்டும் ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டே போனது. 

அன்றைக்கு மாமாவுக்கு ராகிக் கஞ்சி. அக்கா காய்ச்சி, பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, கிளறி, ஊசி விட்டு நாற்பது பார்த்து மேசையில் வைத்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு நாள்கணக்கில் வராமல் இருந்து வந்த தண்ணீர். தண்ணீர் வந்தால் எங்களுக்குப் பேறுகாலம் மாதிரி, மற்றதெல்லாம் அப்புறம்தான். அக்காவும் நானும் தொட்டி, டிரம், குடம் என்று ஒன்று விடாமல் பிடித்தோம். அக்காவின் முந்தானையும் தலையும் நனைந்துபோயிருந்தன. வயசு திடீரென்று ஏறிப்போனது போல இருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே வந்து, முன்னமே பார்த்து வைத்ததுதானே என்ற நினைப்பில் கிண்ணத்தை மாமா பக்கம் நகர்த்தினார். மாமா கரண்டியில் ஒரு வாய் எடுத்து வைத்தார். அக்கா நின்றபடியே கேட்டார். கேட்கும்போது அவர் மாமாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார்.

"சுடுது அம்மணி" என்றார். "இந்தப் பக்கம். நாக்கு ஓரத்துல."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் கையில் இருந்த குடத்தை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இந்த டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று என்னென்னவோ உளறினேன். அக்காவின் கை அதுபாட்டுக்குத் தெர்மாமீட்டரை எடுத்தது. கஞ்சியைக் கிளறி, நடுவில் ஊசியை விட்டது. எண் ஓடி நின்றது. நானும் குனிந்து பார்த்தேன்.

முப்பத்திரண்டு.

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் கஞ்சி மேசையில் கிடந்து ஆறியிருக்கிறது. உடம்புச் சூடே முப்பத்தேழு. கைக்குழந்தைக்கு ஊட்டினாலும் ஆறிப்போச்சு என்று துப்பிவிடும். மாமா சொன்னது பொய். சூடு தெரியாதவர் சூடு இருக்கும் என்று நம்பிச் சொன்ன பொய்.

எண் எங்கள் பக்கம் பார்த்திருந்தது, மாமாவுக்குத் தெரியாது. அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் சேலையை விரித்துக் கையில் போட்டுக்கொண்டு, பிடிக்குமா பிடிக்காதா என்று நிற்பாரே, அந்த மாதிரி.  இந்த அக்கா யாரையும் விட்டதில்லை. சமையல்காரரை விடவில்லை, டாக்டரை விடவில்லை, என் டிக்காசனை விடவில்லை. இப்போது கேட்டுவிடப் போகிறார், மனுசர் உடைந்துபோகப் போகிறார் என்று நான் கும்பிடாத சாமியில்லை.

அக்கா ஊசியை முந்தானையில் துடைத்தார். மடக்கினார். எண் அணைந்துபோனது.

"ஆமாங்க, சூடு சித்த எச்சாத்தான் இருக்குது" என்றார். "பொறுங்க, ஆத்தித் தாரேன்."

அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளர் எடுத்துவந்தார். கஞ்சியை ஒன்றில் ஊற்றி, கையை மேலே தூக்கி, இன்னொன்றுக்கு ஆற்றினார். திரும்ப இதில் இருந்து அதற்கு. பச்சைத்தண்ணீராகக் கிடந்த கஞ்சியை அவர் நின்று ஆற்றிக்கொண்டே இருந்தார். மாமா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறட்டும் என்று காத்திருந்தார்.